முகவரி 1இல் ஒரு எண்ணை எழுதினால்: பழைய கம்ப்யூட்டருக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றி

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "அண்ணா, கம்ப்யூட்டர் உள்ளே என்னதான் நடக்குதுன்னு அடியில இருந்து கத்துக்கணும். எங்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டான். இப்படி யாராவது கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இன்றைய லேப்டாப்பில் அடிவரைக்கும் போக முடியாது, ஒரு பழைய 8 பிட் மெஷினை எடுத்துக்கோ, அதில் முழு மெஷினும் ஒரு மனுஷன் தலைக்குள் அடங்கும் என்று அரை மணி நேரம் பேசினேன். கமோடோர் 64 எடுத்துக்கோ, 1982இல் வந்தது, எமுலேட்டர் இலவசம், அதற்குள் இருக்கிற புராசஸர் 6502 குடும்பம் என்று சொல்லி, 6502 அசெம்பிளி பற்றிய ஒரு புகழ்பெற்ற புத்தகத்தின் பெயரையும் கொடுத்தேன். புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. தப்பு புத்தகத்தின் மேல் இல்லை, என் மேல்.

இரண்டு வாரம் கழித்து, "என்னப்பா, எப்படிப் போகுது?" என்றேன். "விட்டுட்டேன் அண்ணா. முதல் புரோகிராமே ஓடல. அப்படியே ஃப்ரீஸ் ஆயிடுது. எனக்கு இதெல்லாம் செட் ஆகாதுன்னு நினைக்கிறேன்" என்றான். நானும் அப்போது அவசரத்தில் ஏதோ தப்பாக டைப் பண்ணியிருப்பான் என்று நினைத்துவிட்டேன்.

பல மாதம் கழித்துத்தான் அந்த முதல் புரோகிராமை நானே டைப் செய்து பார்த்தேன். எனக்கும் ஃப்ரீஸ் ஆனது.

புரோகிராம் மிகச் சாதாரணம். முகவரி 0இல் 5, முகவரி 1இல் 3, இரண்டையும் கூட்டி முகவரி 2இல் வை. 6502 கற்றுக்கொடுக்கிற புத்தகத்தில் இது இயல்பான முதல் பாடம். 0 முதல் 255 வரையுள்ள முகவரிகளை இந்தப் புராசஸர் வேகமாக எட்டும், கட்டளையும் ஒரு பைட் சிறியதாகும். அதனால் ஆசிரியர் அங்கேயே ஆரம்பிக்கிறார்.

ஆனால் கமோடோர் 64இல் இருப்பது அச்சு அசல் 6502 இல்லை. அது 6510. அதில் முகவரி 0உம் 1உம் மெமரியே கிடையாது. சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் போர்டு மாதிரி. ஏன் அப்படி? இந்தப் புராசஸரால் 65,536 முகவரிகளைத்தான் பார்க்க முடியும். மெஷினில் 64 கேபி ரேம் இருக்கிறது, அதுவே மொத்த இடத்தையும் அடைத்துவிடும். அதற்கு மேல் பேசிக் ரோம் 8 கேபி, கெர்னல் என்று அவர்கள் கூப்பிடும் இயக்க ரோம் 8 கேபி, எழுத்து வடிவங்களுக்கு 4 கேபி, திரை, ஒலி, கீபோர்டு சிப்புகள் என்று எல்லாம் இருக்கிறது. ஒரே முகவரிக்கு இரண்டு மூன்று பேர் போட்டி. இப்போது யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது முகவரி 1இல் உள்ள பிட்டுகள். அதில் எந்தப் பிட்டை நாம் ஓட்டலாம் என்பதை முகவரி 0 சொல்கிறது.

இப்போது அந்தப் பாடத்தைத் திரும்பப் பாருங்கள். முகவரி 1இல் 3 போனால் மூன்றாவது பிட் 0 ஆகிறது. அதன் அர்த்தம், "திரை, ஒலி, கீபோர்டு, டைமர் சிப்புகளை மறைத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்து ரோமைக் காட்டு" என்பது. கமோடோர் 64 ஒரு நொடிக்கு சுமார் 60 தடவை, டைமர் சிப் கொடுக்கும் இன்டரப்டை வைத்துக் கீபோர்டைப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் "உன் அழைப்பைக் கவனித்துவிட்டேன்" என்று டைமருக்குத் தெரிவிக்க, அதன் முகவரி ஒன்றைப் படிக்க வேண்டும். அங்கே இப்போது டைமர் இல்லை, எழுத்து வடிவம்தான் இருக்கிறது. டைமருக்குப் பதில் போகவில்லை, அது கையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. இன்டரப்ட் முடிந்த உடனே அடுத்த இன்டரப்ட், அது முடிந்தால் அடுத்தது. உங்கள் புரோகிராம் நகராது. கீபோர்டு செத்துவிடும்.

பையன் ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. புத்தகத்திலும் தப்பில்லை. புராசஸருக்கான புத்தகத்தை மெஷினுக்கான புத்தகம் என்று நினைத்து நான் கொடுத்ததுதான் தப்பு. இதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். "அப்ப நான் சரியாத்தான் பண்ணேனா அண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்த இரண்டாவது தடவைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் பி.இ. படித்தபோது இதே விஷயம் வேறு உருவத்தில் என் கண் முன்னாலேயே இருந்தது. 8085 கிட், ஹெக்ஸ் கீபேடு, சிவப்பு டிஸ்ப்ளே. பாடப்புத்தகத்தில் புரோகிராம் 2000இல் தொடங்கும். லேபில் எல்லாரும் 4100இல் அடிப்போம். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான் இருந்தது. ஏன் 4100 என்று நான் கேட்டதில்லை, என் பேட்சில் யாரும் கேட்டதாக ஞாபகமும் இல்லை. அந்தக் கிட்டில் நமக்கு விட்டுவைத்த ரேம் அங்கே இருந்தது, அவ்வளவுதான் காரணம். வைவாவில் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

6502 விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் அது அவ்வளவு இடத்தில் போய் உட்கார்ந்தது. மாஸ் டெக்னாலஜி 1975இல் அதை 25 டாலருக்கு விற்றது. போட்டிச் சிப்புகள் அதைவிடப் பல மடங்கு விலை. ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ, அடாரி 2600, நின்டெண்டோவின் என்.இ.எஸ். என எல்லாவற்றிலும் அதுவோ அதன் உறவுக்காரச் சிப்போ இருந்தது. ஆனால் அந்த உறவுக்காரர்கள் ஒரே மாதிரி இல்லை. என்.இ.எஸ்.ஸில் இருப்பதில் பதின்ம எண் கணக்குப் போடும் வசதி வேலை செய்யாது. ஆப்பிள் 2இலும் கமோடோர் 64இலும் எழுத்துத் திரை மெமரி முகவரி 1024இல்தான் தொடங்குகிறது, அதைப் பார்த்து சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. கமோடோரில் இரண்டாவது வரி 1064இல் ஆரம்பிக்கும், வரிக்கு 40 எழுத்து என்ற நேரான கணக்கு. ஆப்பிளில் இரண்டாவது வரி 1152இல். வரிகளைக் கலைத்து அடுக்கியிருப்பார்கள். ஆப்பிளுக்கு எழுதிய பாடத்தைக் கமோடோரில் போட்டால் முதல் வரி மட்டும் சரியாக வந்து, நம்மை நன்றாக ஏமாற்றும்.

சரி, அப்படியென்றால் மெஷினுக்கான புத்தகம் எது? தயாரித்தவர்களே போட்ட கையேடு. கமோடோருக்கு அது 1982இல் வந்த 'கமோடோர் 64 புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு'. பேசிக் கட்டளைகளில் ஆரம்பித்து சிப்புகளின் விவரக் குறிப்பு, மெஷினின் சர்க்யூட் படம் வரைக்கும் அதில் உண்டு. இன்று வாங்கும் எந்த போனுடனாவது சர்க்யூட் படம் தருகிறார்களா? அந்தக் காலத்தில் தந்தார்கள்.

ஆனால் கையேட்டை எப்படிப் படிப்பது என்பதில் எனக்கே ஒரு அடி விழுந்தது. திரையின் ஓரத்தில், பார்டரில், கோட்டுக்கு ஒரு நிறமாக வானவில் மாதிரி பட்டைகள் வரைய ஆசைப்பட்டேன். பார்டர் நிறம் முகவரி 53280. திரையின் ஒவ்வொரு கிடைக்கோடும் வரையப்படும் நேரத்துக்குள் நிறத்தை மாற்றிவிட வேண்டும். ஐரோப்பிய மாடலில் ஒரு கோட்டுக்குப் புராசஸருக்குக் கிடைப்பது 63 கடிகாரச் சுற்று. கட்டளைகளின் சுற்றைக் கூட்டி, சரியாக 63 வருவது போல் லூப் எழுதினேன். திரையின் மேல் பகுதியில் பட்டைகள் அழகாக வந்தன. எழுத்துகள் இருக்கும் பகுதி ஆரம்பித்ததும், எட்டுக் கோட்டுக்கு ஒரு தடவை பட்டை வழுக்கிக்கொண்டு போனது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டில் என்னை விட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

கையேட்டில் கிராஃபிக்ஸ் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். விடை அங்கே இல்லை. கடைசியில் பின்னிணைப்பில், விக்-2 என்ற திரைச் சிப்பின் விவரக் குறிப்புக்குள், ஹார்டுவேர் ஆட்களுக்காக எழுதிய மொழியில் இருந்தது. சிப் ஒவ்வொரு எட்டாவது கோட்டிலும் அடுத்த வரி எழுத்துகளின் விவரத்தை மெமரியிலிருந்து எடுக்க வேண்டும், அதற்குத் தொடர்ந்து 40 தடவை மெமரியைத் தொட வேண்டும், அதுவரை புராசஸரை நிறுத்தி வைக்கும். 63இல் நமக்கு மிஞ்சுவது 20 முதல் 23 வரை. புரோகிராமர்கள் பின்னாளில் இதற்கு 'பேட் லைன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தேடவே வழி கிடைத்தது. தேடியதும் 1996இல் கிறிஸ்டியன் பாவர் எழுதிய விக்-2 பற்றிய கட்டுரை கிடைத்தது. அவர் ஃப்ரோடோ என்ற எமுலேட்டரை எழுதியவர். எமுலேட்டர் எழுதுகிறவருக்கு "ஏறக்குறைய" என்பது உதவாது. எந்தச் சுற்றில் சிப் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக அதில் எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இது. தயாரிப்பாளரின் கையேடு, மெஷின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார்களோ அதைச் சொல்கிறது. பிற்காலத்தில் எழுதியவர்கள், மெஷின் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து சொல்கிறார்கள். தொடக்கத்தில் முதலாவது போதும். உங்கள் புரோகிராம் நேரத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பிக்கும்போது இரண்டாவது இல்லாமல் முடியாது. ஆரம்பிக்கிற பையனிடம் பாவரின் கட்டுரையைக் கொடுத்தால் அதுவும் என் பழைய தப்பேதான், எதிர்ப்பக்கமாக.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்: மெஷினோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் அந்தக் காலத்திலேயே எழுதியது. ஷெல்டன் லீமனின் 'மேப்பிங் தி கமோடோர் 64', 1984. புத்தகம் முழுக்க முகவரிகள்தான். 0இல் ஆரம்பித்து மேலே போகிறது, ஒவ்வொன்றும் என்ன செய்யும், அங்கே எதை எழுதினால் என்ன ஆகும். கதை மாதிரிப் படிக்கிற புத்தகம் இல்லை, ஆனால் என் பையனுக்கு அதன் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் காட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். அதே வருடம் ஜிம் பட்டர்ஃபீல்டு மெஷின் லாங்வேஜ் பற்றி எழுதியதும் அப்படி. கனடாக்காரர், கமோடோர்காரர்களுக்கு வாத்தியார் மாதிரி. எந்த மெமரி காலியாக இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்ற புரிதல் அவர் எழுத்தில் இயல்பாக இருக்கும், ஏனென்றால் அவர் முன்னால் இருந்தது அந்த மெஷின்.

பத்திரிகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்காலப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் புரோகிராம் அச்சாகும், வாசகர்கள் வீட்டில் உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். ஸ்கேன் செய்த பிரதிகள் இன்று ஏராளம். ஆனால் தனியாக ஒரு இதழை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு டைப் அடிக்காதீர்கள். 'கம்ப்யூட்!' பத்திரிகையில் போன இதழ்களின் தவறுகளைத் திருத்துவதற்கென்றே ஒரு பகுதி இருந்தது, அதன் பெயர் 'கபுட்!'. பத்திரிகையின் பெயரையே வைத்துச் செய்த கிண்டல். ஒவ்வொரு வரியையும் டைப் செய்ததும் சரிபார்க்க 1983இலேயே 'ஆட்டோமேடிக் புரூஃப்ரீடர்' என்று ஒரு சிறிய புரோகிராமையும் வெளியிட்டார்கள். அதாவது அன்றைக்கே அவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். இன்றைக்கு நமக்கு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஸ்கேனைத் தானாக எழுத்தாக மாற்றிய பிரதிகளில் 8 எல்லாம் வேறு எழுத்தாகவும், பூஜ்ஜியம் 'ஓ' ஆகவும் மாறியிருக்கும். எண் பட்டியலுக்கு எப்போதும் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்.

புத்தகமும் சரி, டைப்பும் சரி, ஆனால் உங்கள் திரையில் ஒன்றும் வரவில்லை என்ற நிலையும் உண்டு. திரையைத் துடைத்துவிட்டு முகவரி 1024இல் 1 எழுதினால் இடது மூலையில் 'ஏ' வர வேண்டும். கமோடோர் 64இன் கெர்னல் ரோமில் மூன்று பதிப்புகள் உண்டு. திரையைத் துடைக்கும்போது நிற மெமரியில் முதல் பதிப்பு வெள்ளையைப் போடும். இரண்டாவது, பின்னணி நிறத்தையே போடும். மூன்றாவது, அப்போதைய எழுத்து நிறத்தைப் போடும். இரண்டாவது பதிப்பில் உங்கள் 'ஏ' வந்திருக்கும், நீல நிறத்தின் மேல் அதே நீல நிறத்தில். கண்ணுக்குத் தெரியாது. நிற மெமரி 55296இல் தொடங்குகிறது, அங்கேயும் ஒரு எண்ணை எழுது என்று சொல்லும் பாடம் மூன்று பதிப்பிலும் ஓடும். முதல் வரியை மட்டும் சொல்லும் பாடத்தை எழுதியவர், தன் மெஷின் ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

டிவி முறையும் இதே கதைதான். அமெரிக்கப் புத்தகங்கள் என்.டி.எஸ்.சி. முறையை மனதில் வைத்து எழுதியவை, திரைக்கு 263 கோடு. ஐரோப்பாவிலிருந்து வருபவை பி.ஏ.எல்., 312 கோடு. நம் ஊர் டிவியும் பி.ஏ.எல். முறைதான். 280ஆவது கோடு வரும்வரை காத்திரு என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதிய புரோகிராமை அமெரிக்க மாடலாக வைத்த எமுலேட்டரில் ஓட்டினால் அது என்றென்றும் காத்திருக்கும். பாடம் படிக்கும் முன் எமுலேட்டரில் எந்த மாடல் என்று ஒரு தடவை பாருங்கள், பத்து விநாடி வேலை.

இன்றைய வீடியோ, டுடோரியல்கள் பற்றிக் கேட்பீர்கள். நல்லது நிறைய இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் எந்த அசெம்பிளருக்காக எழுதியது என்று முதலில் சொல்லாத டுடோரியலை நான் மூடிவிடுவேன். ஒரு பைட்டை மெமரியில் வை என்று சொல்லவே ஒரு அசெம்பிளரில் முன்னால் புள்ளி வரும், ஏக்மி என்ற அசெம்பிளரில் ஆச்சரியக்குறி வரும். தெரியாதவருக்கு இது பிழைச் செய்தியாக மட்டும் தெரியும், அவர் தன்னையே சந்தேகப்படுவார். அதேபோல் மூன்றாவது பாடத்திலேயே ஆவணத்தில் இல்லாத ரகசியக் கட்டளைகளைக் காட்டுபவர்கள். அவை உண்மையிலேயே சிப்பில் இருக்கின்றன, வேலையும் செய்யும். ஆனால் அப்போது அது பாடம் இல்லை, வித்தை.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அதை எடைபோட என்னிடம் இரண்டு கேள்வி உண்டு. பதில் புரிய வேண்டியதுகூட இல்லை, பதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒன்று, முகவரி 0, 1 பற்றி ஏதாவது சொல்கிறதா. சொல்லவில்லை என்றால் அது கமோடோர் புத்தகம் இல்லை, அட்டையில் என்ன படம் இருந்தாலும் சரி. இரண்டாவது கொஞ்சம் குறும்புக் கேள்வி. 6502இல் மெமரியில் உள்ள ஒரு முகவரியைப் படித்து அங்கே தாவும் கட்டளை ஒன்று உண்டு. அந்த முகவரியின் இரண்டு பைட்டும் 256 பைட் பக்கத்தின் எல்லையைக் கடந்து இருந்தால், சிப் இரண்டாவது பைட்டை அடுத்த பக்கத்திலிருந்து எடுக்காமல் அதே பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடும். சிப்பிலேயே உள்ள பிழை, பிறகு வந்த 65சி02இல் சரிசெய்தார்கள். பொருளடக்க அகராதியில் தாவும் கட்டளையைத் தேடி, அந்தப் பக்கத்தில் இந்த எல்லைப் பிரச்சினையைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் எழுதியவர் சிப்போடு பழகியவர். சொல்லாததாலேயே புத்தகம் மோசம் என்றில்லை, ஆனால் அதில் வரும் நுணுக்கமான கூற்றுகளை ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புவேன். 

அப்புறம் அந்த முதல் 6502 புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். கட்டளைகள் ஒவ்வொன்றும் எந்தக் கொடியை மாற்றும், எத்தனை சுற்று எடுக்கும் என்பதற்கு நான் இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன். வரிசைதான் வேறு. இப்போது யாராவது கேட்டால், முதல் சாயங்காலம் எமுலேட்டரும் கையேட்டின் பேசிக் பகுதியும் மட்டும்: 53280இல் எண்ணை மாற்றி மாற்றி எழுதி நிறம் மாறுவதைப் பார். அடுத்த சாயங்காலம் லீமனின் புத்தகத்தில் முகவரி 0, 1, 1024, 53280, 55296 ஆகிய ஐந்து பதிவுகளை மட்டும் படி. அதற்குப் பிறகு பட்டர்ஃபீல்டு. கூட்டல் பாடத்தை அந்தப் பழைய புத்தகத்திலிருந்தே செய்யலாம், 0, 1, 2க்குப் பதில் 251, 252, 253 என்று மட்டும் மாற்றிக்கொள். கமோடோர் அந்த இடத்தை நமக்காக விட்டுவைத்திருக்கிறது. 8 வரும்.